காலியாகத் திரும்பும்போது மட்டும்

எங்கள் வண்டியில் வந்த சத்தத்துக்கு முதலில் காரணம் சொன்னவர், அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லாதவர். அம்மாவின் தம்பி, என் மாமா. வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினார். இறங்கக்கூட இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "கண்ணுதான் மாப்ள, வேற ஒண்ணுமில்ல. மார்க்கெட்ல அம்புட்டுப் பேரு கண்ணும் ஒங்க அப்பா வண்டி மேலதான் கெடக்கு" என்றார்.

அந்த வண்டியைப் பார்த்தவர்களுக்குத்தான் இதில் உள்ள நகைச்சுவை புரியும். அது ஒரு பழைய பிக்கப். அப்பா வாங்கும்போதே இன்னொருவர் ஓட்டிச் சலித்தது. இடது பக்கக் கதவை வெளியில் இருந்து திறக்க முடியாது. கண்ணாடி வழியாகக் கையை விட்டு உள்ளே ஒரு கம்பியை இழுக்க வேண்டும். பின்தொட்டியில் துருவும் பெயிண்டும் பாகப்பிரிவினை செய்துகொண்டு ஆளுக்குப் பாதியாக இருந்தன. அதன் மேல் பொறாமைப்பட ஒரு மனிதன் இருக்கிறான் என்றால் அவனை உட்காரவைத்து ஆறுதல் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த வண்டிதான் எங்கள் வீடு. விடியற்காலையில் பரவை மார்க்கெட்டில் வெங்காய மூட்டைகளை ஏற்றி, சிம்மக்கல்லில் ஒரு மொத்த வியாபாரியின் கடையில் இறக்குவதுதான் அப்பாவின் தொழில். இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புவார். தினமும் ஒரே ரோடு, ஒரே வியாபாரி. பசுமலையில் விடுதியில் தங்கி நான் படித்த பள்ளிப் படிப்பும், பிறகு ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் படித்த மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கும் அந்த நடையில் வந்தவைதான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அம்மாவுக்கு அதுவும் வராது. அதனால் வீட்டில் மின்விசிறி நின்றாலும், குழாயில் தண்ணீர் சொட்டினாலும், பக்கத்து வீட்டுக்காரரின் மாடு சாணி போடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "இன்ஜினியர் இருக்கான்ல" என்று சொல்லிச் சிரிப்பார்கள். படித்து முடித்து வேலை கிடைக்காமல் நான் வீட்டில் இருந்த நாட்கள் அவை. சிரிப்பதற்கு அவர்களுக்கு நேரமும் இருந்தது, ஆளும் இருந்தது.

சத்தம் பொங்கல் கழிந்த பிறகு வந்தது. காலியாகத் திரும்பும் வண்டி நாற்பதைத் தாண்டியதும் காலடித் தகட்டுக்குக் கீழே ஒரு முனகல் தொடங்கும். குடத்துக்குள் வாயை வைத்து ஒருவர் 'ம்ம்ம்' என்று இழுப்பது போல இருக்கும். ஐம்பதை நெருங்கும்போது அது தடித்து, சீட்டில் ஏறி, முதுகெலும்பு வழியாகப் பல்லுக்கு வந்துவிடும். அறுபதில் குறைந்துவிடும் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த வண்டி அறுபதில் போய் யாரும் பார்த்ததில்லை.

அப்பா முதலில் செய்த வைத்தியம் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டியது. அது கொஞ்ச நாள் வேலை செய்தது. எல்லாரும் அவரைப் போலவே இருந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

ஒருநாள் சிம்மக்கல்லில் மூட்டைகளை இறக்கி முடித்ததும் அந்த வியாபாரியே வண்டியில் ஏறிக்கொண்டார். முந்தின நாள் வந்த வெங்காயத்தில் அழுகல் இருந்ததாம். பரவைக்கு நேரில் போய் ஏஜண்டைத் திட்ட வேண்டுமாம். அவருடைய ஸ்கூட்டர் சர்வீஸில் இருந்தது. அன்றைக்கு அப்பாவோடு போயிருந்த நான் நடுவில், ஓரத்தில் அவர். விளாங்குடி தாண்டி ரோடு கொஞ்சம் விட்டுக்கொடுத்ததும் அப்பா வேகம் எடுத்தார். சத்தமும் எடுத்தது.

"என்னய்யா இது, பன்னி உறுமுற மாதிரி?"

"அது ரோட்டுச் சத்தம் மொதலாளி" என்றார் அப்பா.

"ரோடு உறுமுனா எல்லா வண்டியிலயும்ல கேக்கணும்? அந்தா போறான், அவன் வண்டி உறுமுதா?" முன்னால் போன ஒரு புது வண்டியைக் காட்டினார். அதற்குள் இருக்கும் சத்தம் இவருக்கு எப்படிக் கேட்கும் என்று நான் கேட்கவில்லை. வெங்காயம் வாங்குகிறவர்கள் கேள்விக்கு அப்பாற்பட்டவர்கள்.

அவருக்குப் பழைய கோபம் ஒன்று இருந்தது. மழைக்காலத்தில் ஒருமுறை கிளட்ச் போய் வண்டி ஆரப்பாளையத்தில் நின்றுவிட, வெங்காயம் கடைக்குப் போய்ச் சேர உச்சிவெயில் ஆகிவிட்டது. ஹோட்டல்காரர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். அதை அவர் அன்றைக்கு மறுபடி முதலில் இருந்து சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "இங்க பாருப்பா. வர்ற ஞாயித்துக்கெழம இதே ரோட்டுல ஒன் வண்டியில நான் வருவேன். இந்தச் சத்தம் கேட்டுச்சுன்னா மறுநாள்ல இருந்து வேற வண்டி பாத்துக்கிறேன். வருத்தப்படக் கூடாது. தொழிலு வேற, பழக்கம் வேற" என்றார். பிறகு என் முழங்காலைத் தட்டினார். "வீட்லதான் இன்ஜினியர வச்சிருக்கீகள்ல, பாருங்க."

அந்த நடை போனால் எங்களுக்கு வேறு நடை கிடையாது. பரவையில் நிற்கும் வண்டிகளில் பாதி, யாருக்காவது ஒரு வியாபாரி கைநழுவுவாரா என்று காத்து நிற்பவைதான்.

அடுத்து மெக்கானிக். எங்கள் வண்டியை எப்போதும் பார்ப்பவர்தான். அவருடைய முறை இதுதான்: வண்டியை நிறுத்தி வைத்து, என்ஜினை ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எங்காவது வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொள்வார். கண்ணை மூடுவார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் வரும் ஞானத்தைப் பார்த்தால் நமக்கே கும்பிடத் தோன்றும்.

"அண்ணே, சத்தம் ஓடுறப்பதான் வருது. அதுவும் ஐம்பதுல" என்றேன்.

"ம்."

"இப்ப வண்டி நிக்கிதுண்ணே."

"தம்பி, நிக்கிறப்ப கேக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் ஓடுறப்ப கேக்கும். நீங்க படிச்சது வேற." ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். "வீல் பேரிங்கு. ரெண்டு பக்கமும் போச்சு."

இரண்டு பக்கமும் மாற்றினோம். சத்தம் அப்படியே இருந்தது. "புது பேரிங்குல்ல, பழகணும்" என்றார். பழகவில்லை. அடுத்து, பின் அச்சின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டியைத் திறந்து, "கிரவுன்ல பல்லு தேஞ்சிருக்கு" என்றார். எனக்குத் தெரிந்து அந்தப் பல் அவருடைய பல்லைவிட நன்றாக இருந்தது. ஆயிலை மாற்றிவிட்டு மூடினார்.

"ஒரு தடவ காலி வண்டியில கூட வாங்கண்ணே. விளாங்குடி வரைக்கும் போயிட்டு வருவோம்" என்று கெஞ்சினேன்.

"ஏன் தம்பி, டாக்டரு ஊசி போட்டுட்டு நோயாளி வீட்டுக்குப் போயி குடும்பமா நடத்துறாரு?"

கடைசியில் ஒருநாள் வந்தார். எப்போது? விடியற்காலையில், முழு லோடுடன் நாங்கள் போகும்போது. அவருக்குச் சிம்மக்கல்லில் ஏதோ சாமான் வாங்க வேண்டியிருந்தது, பஸ்ஸுக்குப் பதிலாக எங்கள் வண்டி. ரோடு முழுக்கச் சத்தமே இல்லை. இறங்கும்போது கதவுக் கம்பியை இழுக்கத் தெரியாமல் தவித்துக்கொண்டே, "பாத்தீங்களா? பேரிங்கு பழகிருச்சு" என்றார். அப்பா சந்தோஷமாகத் தலையாட்டினார். திரும்பி வரும்போது விளாங்குடியிலேயே முனகல் தொடங்கிவிட்டது. அப்பாவின் தலை நின்றுவிட்டது.

நான்கு வருடம் படித்த படிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மெக்கானிக்கை மட்டும் கேலி செய்தால் நியாயம் இல்லை. எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அறுத்து வைத்த ஒரு வண்டியின் எலும்புக்கூடு இருந்தது. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு நிறம் அடித்திருந்தார்கள். தொடக் கூடாது. தொட்டால் பெயிண்ட் உரியும் என்று ஆய்வுக்கூட ஊழியர் திட்டுவார். என்ஜினில் இருந்து பின் அச்சுக்குச் சுற்றலைக் கொண்டுபோகும் நீளமான தண்டுக்கு மஞ்சள் நிறம். தேர்வில் அதைப் படம் வரைந்து பாகங்களைக் குறித்தேன், நல்ல மதிப்பெண். உண்மையான ஒன்றை முதன்முதலில் பார்த்தபோது அது மஞ்சளாக இல்லாததால் கொஞ்சம் தடுமாறினேன் என்று சொன்னால் மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை.

இருந்தாலும் அந்தப் படிப்பில் ஒன்று ஒட்டியிருந்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது. காலியாகத் திரும்பும்போது அப்பாவை ஐம்பதில் நியூட்ரலுக்குத் தள்ளச் சொன்னேன். என்ஜின் அடங்கியது, முனகல் அடங்கவில்லை. அப்படியென்றால் என்ஜின் இல்லை. ரோட்டில் ஆள் இல்லாத இடத்தில் வண்டியை இடமும் வலமும் கொஞ்சம் வளைத்து ஓட்டச் சொன்னேன். பேரிங் என்றால் ஒரு பக்கம் சாயும்போது சத்தம் மாறும். மாறவில்லை. ஆனால் எதிரே வந்த பஸ் டிரைவர் தலையை நீட்டி, "வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று கத்தினார்.

"வண்டியில புதுசா என்னப்பா மாத்துனீங்க? பொங்கலுக்கு முன்னாடி?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் மாத்தல."

"நல்லா யோசிங்கப்பா. டயரு?"

"ஒண்ணும் மாத்தலன்னு சொல்றேன்ல. மாத்துனா எனக்குத் தெரியாதா?"

இதற்கிடையில் மாமா வந்தார். பூசணிக்காயோடு வந்தார். நாங்கள் கத்தோலிக்கர்கள். வண்டியின் கண்ணாடியில் ஜெபமாலை தொங்குகிறது. மாமா ஞாயிற்றுக்கிழமை பூசையில் முன்வரிசையில் நிற்பவர். அதற்காக பம்பரில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டாமல் இருக்க முடியுமா? தீமை எந்தப் பக்கம் இருந்து வரும் என்று யாருக்குத் தெரியும்? மேலே இருந்து வந்தால் ஜெபமாலை, கீழே இருந்து வந்தால் எலுமிச்சை. மாமா வண்டியைச் சுற்றிப் பூசணிக்காயை ஆட்டி, முச்சந்தியில் போட்டு உடைத்தார். சிதறிய துண்டில் வழுக்கி விழுந்தவர் எங்கள் தெருப் பால்காரர். அவர் மேல் யார் கண் பட்டதோ.

மறுநாள் சிம்மக்கல்லில் இருந்து திரும்பும்போது மூட்டை தூக்கும் ஆட்கள் ஒரு கூட்டமாக வந்து வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டார்கள். பரவைப் பக்கம் ஒரு வீட்டில் விசேஷம், எல்லாருக்கும் சாப்பாடு. "அண்ணே, மெதுவாப் போங்க, வெள்ளச் சட்ட போட்டிருக்கோம்" என்று ஒருவர் கத்தினார். விளாங்குடி தாண்டினோம். நாற்பத்தைந்து. ஐம்பது. சத்தம் இல்லை. அப்பா என்னைப் பார்த்தார். வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினார். இல்லை. அவர் ஜெபமாலையை ஒருமுறை தொட்டுக்கொண்டார். பிறகு, யாருக்கும் குறை வைக்கக் கூடாதென்று, பம்பர் இருக்கும் திசையில் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார்.

மாமாவுக்கு உடனே போன் போனது. "நான்தான் சொன்னேன்ல! கண்ணுன்னு சொன்னா இந்தக் காலத்துல எவன் கேக்குறான்? காலேஜுக்குப் போனவங்ககிட்ட வண்டியக் குடுத்தா இப்படித்தான்" என்று அவர் சொன்னது போனுக்கு வெளியே எனக்கும் கேட்டது. விசேஷ வீட்டில் ஆட்கள் இறங்கினார்கள். வண்டி புறப்பட்டது. வீட்டுக்கு வரும் கொஞ்ச தூரத்துக்குள் முனகல் திரும்ப வந்துவிட்டது. இதைச் சொல்ல மாமாவுக்கு மறுபடி போன் செய்யலாம் என்றேன். அப்பா வேண்டாம் என்றுவிட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூட்டை இருந்தால் சத்தம் இல்லை. ஆட்கள் இருந்தாலும் சத்தம் இல்லை. வெங்காயத்துக்கும் மனிதர்களுக்கும் பொதுவாக இருப்பது எடை ஒன்றுதான்.

வீட்டு வாசலில் வண்டியைத் தள்ளி நின்று பக்கவாட்டில் பார்த்தேன். பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது, தண்ணீர் குடிக்கக் குனிந்த மாடு போல. சாக்கை விரித்துக் கீழே படுத்தேன். பின் சக்கரத்துக்கு மேலே எடையைத் தாங்கும் கமான் பட்டைகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. எல்லாம் துருப்பிடித்துக் கறுத்தவை. ஒன்று மட்டும் பளபளவென்று இருந்தது. இரண்டு பக்கமும் ஒவ்வொன்று.

"அப்பா! இந்தப் பட்டை புதுசா?"

"எது, கமான் பட்டையா? ஆமா, பொங்கலுக்கு முன்னாடி போட்டது."

"ஒண்ணும் மாத்தலன்னு சொன்னீங்க!"

"மாத்தலடா. கூடப் போட்டேன். அது எல்லாரும் போடுறதுதான?"

சண்டை போட வழி இல்லாத பதில். பரவையில் நிற்கும் எந்த வண்டியின் கீழே படுத்துப் பார்த்தாலும் கம்பெனி போடாத பட்டை ஒன்றோ இரண்டோ இருக்கும். வண்டி தாங்கும் என்று கம்பெனி சொன்ன எடை வெறும் பேச்சு. எங்கள் ஆட்கள் சொல்வதுதான் எடை. வண்டி வாங்கியதும் பூ வைக்கிறார்கள், பொட்டு வைக்கிறார்கள், பட்டை வைக்கிறார்கள். அதைப் போய் யாராவது ரிப்பேர் என்று சொல்வார்களா? என் அப்பாவைக் கேட்டால் சட்டை போட்டதைச் சொல்வாரே தவிர பட்டை போட்டதைச் சொல்ல மாட்டார். மெக்கானிக்கும் அதன் அடியில் எத்தனையோ முறை படுத்து எழுந்தவர்தான். அவர் கண்ணுக்கு அது தெரியவே இல்லை, ஏனென்றால் அது இல்லாத வண்டியை அவர் பார்த்ததில்லை.

விஷயம் இவ்வளவுதான். கூடுதல் பட்டை வண்டியின் பின்பக்கத்தை உயர்த்திவிட்டது. அதனால் அந்த நீளமான தண்டு, மஞ்சள் அடிக்காத தண்டு, மூட்டுகளில் அளவுக்கு மேல் மடங்கிக்கொண்டு சுற்றுகிறது. மடங்கிச் சுற்றுவது ஐம்பதில் அதிர்கிறது. லோடு ஏறினால் பட்டை அமுங்கும், தண்டு நேராகும், சத்தம் போய்விடும். இதை அப்பாவுக்கு விளக்கக் கையையும் முழங்கையையும் மடக்கிக் காட்டினேன். அவர் முழங்கையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

"அதுனால?"

"பட்டையக் கழட்டிட்டா சரியாப் போயிரும்."

"கழட்டிட்டா எம்புட்டு மூட்ட கொறையும்?"

"ஏழெட்டு."

"ஏழெட்டு மூட்ட கொறச்சு ஏத்துனா அந்தாளு என்னைய வச்சிருப்பாரா? ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

சந்தேகமாக இருந்தால் செய்தே காட்டுகிறேன் என்றேன். அடுத்த வீட்டில் மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். கொத்தனாரிடம் சொல்லி மணல் நிரப்பிய சாக்குகளைக் கடன் வாங்கி, பின்தொட்டியில் அடுக்கி, அப்பாவை ஓட்டச் சொன்னேன். ஐம்பதில் ஒரு முனகல் இல்லை. சைக்கிளில் போகிறவர் இருமியதுகூடக் கேட்டது. என் வாழ்க்கையில் நான் நிரூபித்த முதல் விஷயம். யாராவது கைகொடுப்பார்கள் என்று பார்த்தேன்.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அம்புட்டுத்தானா? மண்ணு போட்டா சரியாயிருது! இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"அப்பா, இது வைத்தியம் இல்ல. காரணத்தக் காட்டுறதுக்காக."

"காரணம் கெடக்கட்டும். ஞாயித்துக்கெழம மண்ணு இருக்கட்டும்."

அம்மாவும் அவர் பக்கம்தான். "அவரு சொல்றபடி கேளுடா. நடை போச்சுன்னா ஒன் படிப்ப வச்சு நாக்கு வழிக்கவா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சிம்மக்கல்லில் வெங்காயத்தை இறக்கியதும், கொண்டுபோயிருந்த மணல் சாக்குகளைப் பின்தொட்டியில் பரப்பி, மேலே தார்ப்பாயை விரித்தார் அப்பா. காலையில் அதே சாக்குகளை வெங்காயத்தோடு சுமந்துதான் போயிருந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். ஏற்கனவே தாங்காத வண்டியில் தாங்காத மூட்டைகளோடு மணலும். வியாபாரி வெற்றிலை போட்டுக்கொண்டு வந்து ஏறினார். விளாங்குடி தாண்டியது. ஐம்பது. அமைதி. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். ஜன்னலுக்கு வெளியே துப்பிவிட்டு மறுபடி கேட்டார்.

"பரவாயில்லப்பா. என்ன செஞ்ச?"

"பேரிங்கு மாத்துனோம் மொதலாளி. ரெண்டு பக்கமும்."

"அதான! வீல் பேரிங்குதான்னு அன்னைக்கே நெனச்சேன்." வெங்காய வியாபாரியும் மெக்கானிக் ஆகிவிட்டார். என் பக்கம் திரும்பி, "என்னா இன்ஜினியர் தம்பி, பேரிங்குதான?" என்றார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே சொல். ஆனால் நானாகத் தேடிக் கண்டுபிடித்த ஒரே உண்மையை ஒரு பேரிங்கின் பெயரில் எழுதிக்கொடுக்க என்னால் முடியவில்லை. "இல்லைங்க" என்றேன். "பேரிங்கு இல்ல. பின்னாடி மண்ணு இருக்கு."

அப்பா பிரேக்கை மிதித்த வேகத்தில் மூவரும் கண்ணாடியை நோக்கி வணங்கினோம்.

"மண்ணா? என்ன மண்ணு?"

ஓரமாக வண்டி நின்றது. வியாபாரி இறங்கிப் போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். "எங்கிட்டயே ஏமாத்து வேல பாக்குறீயளா ரெண்டு பேரும்?" என்றார். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே இருந்தார். அந்த வயதில் ஒரு மனிதர் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கக் கூடாது. நான் இறங்கி, பட்டை, தண்டு, முழங்கை எல்லாவற்றையும் சொன்னேன். "இத எறக்கிட்டு ஓட்டிக் காட்டுங்க" என்றார் அவர். சாக்குகளை நானே இறக்கி ரோட்டோரம் அடுக்கினேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பினோம். முனகல் முழு மரியாதையோடு வந்து எங்கள் மூவரின் பல்லிலும் உட்கார்ந்தது.

மணல் இருந்த இடத்துக்கே வந்து நின்றதும் வியாபாரி கேட்டார். "வண்டி நடுவழியில நட்டுக்குமா?"

"இன்னைக்கு நிக்காது. ஆனா தண்டு மூட்டுல இருக்க பேரிங்கெல்லாம் சீக்கிரம் தேயும். அடிக்கடி பாத்து மாத்திக்கிட்டே இருக்கணும். மாத்துனா நடுவழியில நிக்காது."

"அது யாரு செலவு?"

"எங்க செலவுதான் மொதலாளி" என்றார் அப்பா, என்னை முந்திக்கொண்டு.

"பட்டையக் கழட்டுனா சத்தம் போயிருமா?"

"போயிரும். ஏழெட்டு மூட்டை குறைச்சு ஏத்தணும். அதுதான் வண்டிக்கும் நல்லது, உங்களுக்கும்..." நான் முடிக்கவில்லை.

"ஏழெட்டு மூட்டையா?" அவர் வெற்றிலையை ஒரு கன்னத்தில் இருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார். கணக்கு அங்கே நடந்தது. சிமெண்ட் லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. "சத்தம்தானய்யா? இருந்துட்டுப் போகட்டும். காலியா வர்றப்ப நீதான கேக்கப் போற, நானா கேக்கப் போறேன்? பட்டையில மட்டும் கைய வச்சிராதீய."

"சரிங்க மொதலாளி."

"அப்ப நாளைக்கு வழக்கம் போல."

அப்பா சிரித்தார். அந்த வாரம் முழுக்க அவர் முகத்தில் இல்லாத சிரிப்பு. நான்தான் நடையைக் காப்பாற்றினேனா, இல்லை ஏழெட்டு மூட்டை வெங்காயம் காப்பாற்றியதா என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னதற்கு எனக்குத் திட்டும் இல்லை, பாராட்டும் இல்லை. அதைச் சொன்னதாகவே யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

வியாபாரி ஏறினார். நான் சாக்குகளைத் தூக்கப் போனேன். "அத ஏன் இப்ப ஏத்துற? அவருக்கு நேரமாகுது. பரவையில விட்டுட்டு வாரேன்" என்றார் அப்பா. "நீ இங்கயே இரு. அசலார் மண்ணு, எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவான்." வண்டி கிளம்பியது. சத்தம் வேகத்துக்குத் தகுந்தபடி தடித்து, திண்டுக்கல் ரோட்டில் மற்ற சத்தங்களோடு கலந்தது.

நான் சாக்குகளின் மேல் உட்கார்ந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் மொபெட்டில் வந்த ஒருவர் என் முன்னால் காலை ஊன்றி நிறுத்தினார். சாக்கு ஒன்றைப் பிரித்து ஒரு கைப்பிடி அள்ளி, விரலிடுக்கில் விட்டுப் பார்த்தார்.

"ஆத்து மண்ணா, எம்-சாண்டா தம்பி?"

"தெரியாதுண்ணே."

"விக்கிற மண்ணு என்னன்னு தெரியாம என்னத்தய்யா வியாபாரம் பண்ற?" என்று தலையில் அடித்துக்கொண்டு, சாக்கைக் கட்டாமலே போய்விட்டார்.